வாசமில்லாத மாவு

பிளேடைக் காம்புப் பக்கம் வைத்து, தயங்காமல் ஒரே இழுப்பாக இழுத்தால் செம்பருத்தி சரிபாதியாகப் பிளந்துவிடும். தயங்கினால் போச்சு. சூலகம் நசுங்கிப் பிசுபிசுத்து, கல்லில் ஒட்டிக்கொண்ட முதல் தோசை மாதிரி ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் பதினோரு வருடமாக டியூஷன் நடத்துகிறேன். வருடத்துக்கு ஐம்பது பூவாவது வெட்டியிருப்பேன். எங்கள் வீட்டில் அதைச் செவ்வரத்தை என்போம். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் செம்பருத்தி என்பார்கள். மலாய்ப் பாடப் புத்தகத்தில் அது புங்கா ராயா, மகரந்தம் டெபுங்கா. அன்று எஸ்.பி.எம். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த வருடத்தின் கடைசி வகுப்பு. பிளந்த பூவை வெள்ளைத் தட்டில் வைத்து, ஊசி நுனியால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். இது புல்லி, இது இதழ், இந்த நீளக் குழாயைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாக நிற்பது மகரந்தப் பை, உச்சியில் ஐந்து சிவப்புப் பொட்டு மாதிரி இருப்பது சூல்முடி, அடியில் இந்தப் பச்சை அறைக்குள் வெள்ளையாக இருப்பவை சூல்கள். பதினாறு பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குப் பசி. வகுப்பு முடிந்ததும் கீழே போய் வடை தின்னும் நினைப்பு முகத்தில் தெரிந்தது.

சீதாலெட்சுமி மட்டும் குனிந்து, மூக்கு பூவில் படுமளவுக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக வருகிறாள். பங்சார் பக்கத்து அடுக்குமாடியிலிருந்து நடந்தே வருவாள். கேள்வி கேட்கிற பெண். கேள்வி கேட்கிற பிள்ளைகளைப் பிடிக்கும் என்று எல்லா வாத்தியாரும் சொல்லிக்கொள்வோம். அது பாதி பொய்.

"சார், டெபுங்கா ஸ்டிக்மால விழுந்திருச்சினு வைங்க. அப்பவும் காய் புடிக்காம போகுமா?"

"போகும்லா. டெபுங்கா செத்துப்போயிருந்தா குழாய் வளராது. குழாய் வளரலைன்னா சூல் வரைக்கும் எதுவும் போய்ச் சேராது."

"அப்ப, காய் புடிக்காத பூவ மட்டும் பாத்து, கோளாறு பூவுலயா டெபுங்காவுலயானு சொல்ல முடியுமா சார்?"

ஊசி என் கையில் அப்படியே நின்றது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். மகரந்தத்தைத்தான் சோதிக்க வேண்டும், அதற்கு ஒரு வழி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சர்க்கரைக் கூழில் தூவி, இரண்டு மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் எண்ணுகிற அந்த வழியை என்னைவிட நன்றாக இந்தத் தெருவில் யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. பதினோரு வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

"சிலபஸ்ல இல்ல," என்றேன். "பரீட்சைக்கு வராது."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு நோட்டில் படம் வரைய ஆரம்பித்தாள். அழகான படம். சூல்முடியின் ஐந்து பிரிவையும் தனித்தனியாகப் போட்டிருந்தாள்.

வகுப்பு கலைந்தபோது அவள் மட்டும் நின்றாள். "சார், எங்க பெரியம்மா உங்கள பாக்கணுமாம். கீழ நிக்கிறாங்க, கூட்டிட்டு வரட்டுமா?" என்றாள். சரஸ்வதி பூசை முடிந்த மறுவாரம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் பெற்றோர் பழம், வெற்றிலை, வேட்டி என்று எதையாவது கொண்டுவந்து கொடுப்பது வழக்கம்தான். வரச்சொன்னேன். படியில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. டியூஷன் மாடிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறவர்கள் யாருமில்லையே என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். அலுவலகத் துப்புரவுக்காரர்கள் போடும் நீலச் சட்டைக்கு மேல் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபடி ஒரு பெண் வாசலில் நின்றாள். நரை ஏறியிருந்தது. என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் கூப்பினாள்.

"கிராணி ஐயா! நீங்களா ஐயா? இந்தப் புள்ள சார் சார்னு சொல்லுச்சே தவிர பேரச் சொல்லலீங்களே!"

வீரம்மா. அவள் புருஷன் பெயர் பக்கிரிசாமி. சீதாலெட்சுமி, தகப்பன் பெயர் பக்கிரிசாமி என்று ஆறு மாதமாகப் பதிவேட்டில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சிலாங்கூரில் எத்தனையோ பக்கிரிசாமிகள் இருக்கிறார்கள் என்று விட்டிருந்தேன். விட்டுவிடுவதில் எனக்குப் பழக்கம் உண்டு.

1977இல் எனக்கு இருபத்தாறு வயது. அப்பா ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் என் வயதுப் பையன்கள் டாக்டருக்கும் லாயருக்கும் படித்துக்கொண்டிருந்தபோது நான் எச்.எஸ்.சி.யில் முக்கித் தேறி, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல், ஜெஞ்சாரோமுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தேன். பெயர்தான் பெரிது. மருந்தகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு சூட்டடுப்பு, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஐஸ் பெட்டி. அம்மா அக்கம்பக்கத்தில் "மகன் ரிசர்ச்சிலை இருக்கிறான்" என்று சொல்லிவைத்திருந்தார். தோட்டத்துப் பெண்களுக்கு நான் கிராணி ஐயா. பேனா பிடிக்கிற யாழ்ப்பாணத்துக்காரன் எவனாயிருந்தாலும் அவர்களுக்குக் கிராணிதான்.

செம்பனையில் ஆண் பூங்கொத்து வேறு, பெண் பூங்கொத்து வேறு. ஒரே மரம் சில மாதம் ஆண் பூவாகவே விடும், சில மாதம் பெண் பூவாகவே விடும். புதிதாகக் காய்க்க வந்த இளம் மரங்கள் பெரும்பாலும் பெண் பூதான் விடும். அதனால் இளங்காட்டில் மகரந்தத்துக்குப் பஞ்சம். பழைய காட்டிலிருந்து விரல் விரலாக நீண்ட ஆண் பூங்கொத்துகளை வெட்டிவந்து, உதறி, சலித்து, சூட்டடுப்பில் இளஞ்சூட்டில் காயவைத்து, முகப்பவுடர் மாதிரியான வெள்ளைத் தூளோடு கலந்து, ரப்பர் பந்து பொருத்திய குப்பிகளில் அடைத்துப் பெண்களிடம் கொடுப்பது என் வேலை. அதை அவர்கள் மாவு என்பார்கள். ஆளுக்கு ஒரு காடு. நிரை நிரையாக நடந்து, பாளையைக் கொக்கியால் விலக்கி, முள்ளுக்குள் கையை விட்டு, விரிந்திருக்கும் பெண் பூவில் மாவை ஊதி, பக்கத்து மட்டையில் மெழுகுக் கட்டியால் தேதி எழுதிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார்கள். பெண் பூவின் சூல்முடிக்கு மூன்று பிரிவு. பால்வெள்ளையாக விரிந்து இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். பிறகு சிவந்து, கறுத்து, மூடிக்கொள்ளும். அந்த நாட்களைத் தவறவிட்டால் பிறகு ஊதியும் பயனில்லை.

பதினோராம் நம்பர் காடு வீரம்மாவுடையது. என்னைவிட ஒரு வயது சின்னவள். மற்றவர்கள் பாளையைப் பிரித்துப் பார்த்துத்தான் பூ விரிந்திருக்கிறதா என்று சொல்வார்கள். அவளுக்கு இரண்டு நிரைக்கு அப்பாலிருந்தே தெரியும். விரிந்த செம்பனைப் பூவுக்குச் சோம்பு வாசனை. "அந்தா சோம்பு மணக்குது" என்று நேராக அந்த மரத்துக்கு நடப்பாள். எனக்குக் கிட்டப் போனால்தான் பெருஞ்சீரகம் மாதிரி லேசாக வரும். கல்யாணமாகி ஏழு வருடமாகியும் அவளுக்குக் குழந்தையில்லை. அதை யாரும் அவளிடம் குத்திக்காட்டி நான் கேட்டதில்லை, ஏனென்றால் அவளே முந்திக்கொள்வாள். "எனக்கு பதினோராம் நம்பர்ல ரெண்டாயிரம் புள்ளைங்க ஐயா. ஒண்ணுக்காவது சளி புடிச்சிருக்கா பாருங்க" என்பாள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தம்புசாமிகூடச் சிரித்துவிடுவார். அவளுடைய காட்டில் காய்ப்பு அப்படி இருந்தது.

அந்த வருடம் ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸில் எனக்குப் பெண் பார்க்கும் ஏற்பாடு. பெண் மீனலோசனி, செந்தூலில் ஆசிரியை. மூன்று மணி பஸ்ஸை விட்டால் கிள்ளான் போய்ச் சேர இருட்டிவிடும். சூட்டடுப்பில் அடுத்த பத்து நாளைக்கான மகரந்தம் இருந்தது, ஈரம் போகவில்லை. நாற்பதில் வைக்க வேண்டிய குமிழை எண்பதுக்குத் திருப்பினேன். பத்து நிமிடம், லேசாக உலர்ந்ததும் குறைத்துவிடலாம் என்று சட்டையை மாற்றப் போனேன். பஸ் ஹாரன் கேட்டது. ஓடினேன். பெண் பார்த்து, பிடித்து, பஜ்ஜி தின்று, அப்பாவும் அவளுடைய அப்பாவும் ரயில்வேக் கதை பேசுவதைக் கேட்டு, ஞாயிறு மாலை திரும்பி வந்து அறையைத் திறந்தபோது முகத்தில் அனல் அடித்தது.

திங்கள் விடிவதற்குள் சோதித்துப் பார்த்தேன். உயிருள்ள மகரந்தம் இரண்டு மணி நேரத்தில் வால் மாதிரி ஒரு குழாய் விடும். முக்கோண முக்கோணமாகக் கிடந்த மணிகளை நூறு எண்ணினேன். இன்னொரு நூறு எண்ணினேன். ஒன்றுகூட விடவில்லை. வெளியே காலைப் பெரட்டுக்கு, பெயர் கொடுக்க, ஆட்கள் கூடும் சத்தம் கேட்டது. வேலை நிரந்தரமாவதற்கு எனக்கு இரண்டு வாரம் பாக்கி. நிரந்தர வேலை என்று சொல்லித்தான் பெண் கேட்டிருந்தோம். பழைய காட்டில் புதிதாக ஆண் பூ வெட்டிக் காயவைக்க நான்கைந்து நாளாகும். அதுவரை மாவு இல்லை என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் சொல்ல வேண்டும். ஏன் இல்லை என்றும் சொல்ல வேண்டும். பத்து நாள்தானே, காற்று கொண்டுவராத மகரந்தமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதிவேட்டில் முளைப்புத் திறன் எழுபத்திரண்டு என்று எழுதினேன். எழுபது என்று எழுதினால் பொய் மாதிரித் தெரியும் என்று எழுபத்திரண்டு.

குப்பிகளைக் கொடுத்தேன். எல்லாரும் வாங்கிக்கொண்டு போனார்கள். வீரம்மா மட்டும் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஐயா, மாவு வாசமில்லீங்களே."

மற்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடானது.

"மோந்து பாக்கவா குடுத்தேன்? ஊதத்தான குடுத்தேன். படிச்சவன் நானா நீயா?"

யாரோ சிரித்தார்கள். அவள் மூடியைத் திருகிக்கொண்டே, "தப்புங்க ஐயா" என்றாள். குப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். பத்து நாளும் ஊதினாள். அவள் ஒரு பூ விட்டிருக்கமாட்டாள். அது எனக்கு அன்றே தெரியும், இன்றும் தெரியும்.

மற்ற காடுகளுக்குப் பக்கத்தில் வயதான மரங்கள் இருந்தன. காற்றிலேயே கொஞ்சம் மகரந்தம் வந்து சேர்ந்து, காய்ப்பு குறைந்தாலும் கண்ணுக்குப் படவில்லை. பதினோராம் நம்பர் மட்டும் தனியே கிடந்தது. இரண்டு பக்கம் பெரிய வாய்க்கால், இரண்டு பக்கம் சீனர்களின் காய்கறித் தோட்டம். மூன்றாம் மாதம் குலைகள் காட்டிக்கொடுத்தன. பழம் திரள வேண்டிய இடத்தில் கறுத்துச் சுருங்கிய முள். துரை வந்தார், மண்டோர் வந்தார். ஐந்தாறு குலையை வெட்டிப் போட்டு என்னைக் கூப்பிட்டார்கள். எல்லாரும் சுற்றி நிற்க, நான் ஒவ்வொரு காயாகப் பிளந்தேன். உள்ளே பருப்பு இல்லை. கரு பிடிக்கவேயில்லை. துரை ஆங்கிலத்தில், "மகரந்தம் போய்ச் சேரவில்லை, அப்படித்தானே?" என்றார்.

"அப்படித்தான் தெரிகிறது, சார்" என்றேன்.

அது பொய்யில்லை என்று பல வருடம் எனக்குள் வாதாடியிருக்கிறேன். போய்ச் சேர்ந்தது பிணம்தானே. ஆனால் துரை கேட்டது அதுவல்ல. அவர் கேட்டது அவள் ஊதினாளா என்று. நான் சொன்னது ஊதவில்லை என்று.

"தேதி எழுதிட்டு ஊதாம வந்திருக்கா," என்று துரை மண்டோரிடம் மலாயில் சொன்னார். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார் போலிருந்தது. தம்புசாமிக்கு அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று நிஜமாகவே ஆசை. தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"தொரை, அது பொய் சொல்ற பொண்ணு இல்லீங்க. ஊதித்தான் இருக்கும். ஆனா பாருங்க, அதுக்கு வயித்துல ஒண்ணும் தங்கல. கை ராசின்னு ஒண்ணு இருக்குதுங்களே. வேற வேலைக்கி மாத்திருங்க."

பின்னால் நின்ற பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் அவள் மேல் இருந்த பிரியத்தில்தான். அவ சோம்பேறி இல்ல, அவ திருடி இல்ல, கைதான் அப்படி, பாவம். இத்தனை வருடம் அந்தக் கையில்தான் பதினோராம் நம்பர் காய்த்துக் குலுங்கியது என்பது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. வீரம்மா என்னைப் பார்த்தாள். படித்தவன் ஏதாவது சொல்லுவான் என்று பார்த்தாள். நான் கத்தியில் ஒட்டியிருந்த பிசினை இலையால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவளைப் புல் வெட்டுகிற கூட்டத்தில் போட்டார்கள். ரெண்டாயிரம் பிள்ளைகள் என்ற பேச்சை அவள் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. மற்றவர்கள் எடுத்தார்கள், வேறு மாதிரி. தம்புசாமியின் மகளுக்கு வளைகாப்பு நடந்தபோது, சந்தனக் கிண்ணம் வரிசையாகக் கைமாறி வந்து, அவளுக்கு முன்னால் இருந்தவளிடமிருந்து அவளைத் தாண்டிப் பின்னால் இருந்தவளிடம் போனதைப் பந்தலில் உட்கார்ந்து பார்த்தேன். ஒருநாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு புல் வெட்டும் இடத்துக்கே போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஐயா, நான் ஊதாம விட்டதில்லீங்க. ஒரு பூவு விட்டதில்லீங்க."

"தெரியும்," என்றேன்.

அதற்கு மேல் வாய் வரவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கே அவள் கண்ணில் நீர் முட்டிவிட்டது. உலகத்திலேயே தன்னை நம்பியவன் நான் ஒருவன்தான் என்பது போலக் கும்பிட்டாள். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினேன். இதைவிடக் கேவலமான காரியத்தை என் வாழ்நாளில் நான் செய்ததில்லை. பொய் எழுதியதுகூட இவ்வளவு இல்லை.

மறுவருடம் சித்திரையில், அவளுடைய தங்கை இராஜம்மாவையே அவள் புருஷன் பக்கிரிசாமிக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைத்தார்கள். வீரம்மாதான் முன்னே நின்று பேசி முடித்தாளாம். நானும் மீனலோசனியும் போயிருந்தோம். ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தோம். சாப்பிட்டோம். பஸ்ஸில் திரும்பும்போது மீனலோசனி, "அந்தப் பொம்பிளை தானே தன்ரை தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டவவே? ஏன் உங்கடை முகம் இப்பிடிக் கிடக்குது?" என்று கேட்டாள். பாயசம் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பதினெட்டு வருடமாக அவளுக்கும் அது பாயசம்தான்.

1981இல் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து செம்பனைக் காடுகளில் விட்டார்கள். ஆண் பூவில் குடியிருந்து, மகரந்தத்தை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு, பெண் பூவின் சோம்பு வாசனைக்குத் தானே பறந்து போகும் வண்டு. ஒரே வருடத்தில் ஊதுகிற வேலையே இல்லாமல் போயிற்று. முப்பது பெண்களுக்கு வேலை மாறியது, சிலருக்கு வேலையே போயிற்று. தொழிலாளர் லயத்தில் அழுகை. எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இனி எவளுடைய கையைப் பற்றியும் பேச்சு வராது, பழைய பதிவேடுகளை எவனும் புரட்டமாட்டான் என்ற நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கும். நான்கு வருடம் கழித்து வேலையை விட்டுவிட்டு இந்த மாடிக்கு வந்தேன்.

இப்போது அந்த மாடியில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சின் நுனியில் வீரம்மா உட்கார்ந்திருந்தாள். முழுசாக உட்காரவில்லை.

"பாப்பா, இவங்கதான் தோட்டத்துல எங்களுக்கெல்லாம் மாவு செஞ்சு குடுத்த ஐயா. பெரிய படிப்பு படிச்சவங்க. எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பேசுனப்ப, தெரியும்னு ஒரு வார்த்த சொன்னவங்க," என்றாள் சீதாலெட்சுமியிடம். அந்தப் பெண் என்னைப் புது மரியாதையோடு பார்த்தாள். எனக்கு அந்த மாடியிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது.

"இராஜம்மா எப்படி இருக்காங்க?" என்றேன்.

"அது போயி எட்டு வருசமாச்சுங்க ஐயா. மஞ்சக்காமாலை. புள்ளைய நாந்தான் பாத்துக்கிறேன். தோட்டத்த வித்துட்டாங்க, இங்க வந்துட்டோம். ஆபீசுல கூட்டிப் பெருக்குறேன். இவங்கப்பா செக்கூரிட்டி கார்டு வேலைக்கிப் போறாரு." பிறகு பெண்ணைப் பார்த்து, "அத எடும்மா" என்றாள்.

சீதாலெட்சுமி பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசை மேல், பூத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்தாள். உள்ளே குங்குமம் அப்பிய நீலப் பேனா ஒன்று.

"கோயில்ல சரஸ்வதி பூசையில வச்சதுங்க. ஐயருகிட்ட இந்தப் புள்ள கையாலயே குடுக்கச் சொல்லி, இது கையாலயே வாங்கச் சொன்னேன். நான் தொடலீங்க. நீங்க உங்க கையால எடுத்துப் புள்ள கையில குடுத்து ஆசீர்வாதம் பண்ணணும். உங்களுது நல்ல கைங்க ஐயா."

"பெரியம்மா, மறுபடி ஆரம்பிக்காதீங்க," என்றாள் பெண். குரலில் சலிப்பு. பலமுறை நடந்த சண்டை என்று தெரிந்தது. "செகண்டரி ஸ்கூலுக்கு முதநாள் போறப்பவும் இப்படித்தான் சார், பையை மாட்டிவிடக்கூட பக்கத்து வீட்டு ஆன்டிய கூப்புட்டாங்க. சோறு மட்டும் ஊட்டிவிடுவாங்களாம், அது பரவாயில்லையாம்."

வீரம்மா சிரித்தாள். "சோறு வேற, இது வேற. உனக்கென்ன தெரியும்."

நான் பேனாவைத் தொடவில்லை. "சீதா, கீழ கடையில மூணு தே வாங்கிட்டு வாம்மா. பெரியம்மாவுக்கு இனிப்பு கூட போடச் சொல்லு," என்றேன். அவள் இறங்கிப்போகும் சத்தம் தேய்கிற வரை காத்திருந்தேன். மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பிளந்த செம்பருத்தி அதற்குள் ஓரத்தில் வாட ஆரம்பித்திருந்தது.

"வீரம்மா. நீங்க ஒருநாள் மாவு வாசமில்லைன்னு சொன்னீங்க."

'நீங்க' என்று அவளை நான் அழைத்தது அதுதான் முதல் தடவை. அதற்கே அவள் கூச்சப்பட்டாள்.

"ஆமாங்க. நீங்ககூட திட்டுனீங்க. நான்தான் அறிவில்லாம…"

"அது செத்த மாவு. அடுப்புல சூட்ட ஏத்தி வச்சிட்டு நான் ஊருக்குப் போயிட்டேன். எல்லாம் கருகிப் போச்சு. எனக்கு அன்னிக்குக் காலையிலயே தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன். பத்து நாளும் அதத்தான் குடுத்தேன்."

அவள் புரியாதவள் போல என்னைப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இன்னொரு பத்தொன்பது வருடம் போய்விடும். "உங்க கைல ஒண்ணுமில்ல. அந்த மாவ யாரு ஊதியிருந்தாலும் அங்க காய் புடிச்சிருக்காது. தொரை கேட்டப்ப நான் சொல்லியிருக்கணும். சொல்லல. கல்யாணத்துக்கு வேலை வேணும்னு சொல்லல. அப்புறம் வெக்கத்துல சொல்லல."

மன்னிச்சிருங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கில்லை என்று தோன்றியது. அவள் அழவில்லை, கோபப்படவில்லை. எதையோ வெகுதூரத்தில் தேடிப் பிடிக்கிற மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். கீழே பஸ் ஒன்று நின்று கிளம்பிப் போயிற்று.

"நான் அன்னிக்கே மோந்து பாத்தேனே," என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. "மூக்கு சொல்லுச்சே. மூக்கு சரியாத்தான சொல்லுச்சு. நான் உங்க பேச்சத்தான நம்புனேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவரு கேட்டாரு, இராஜம்மாவ பேசட்டுமான்னு. என் கையே சரியில்லையேன்னு நானே போயி பேசுனேன். நானே…" என்றவள், வாசலைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "புள்ளைக்கித் தெரிய வேணாம். அதுக்கு பரீட்ச."

படியில் காலடி கேட்டது. மூன்று தேநீரையும் சிந்தாமல் கொண்டுவருகிற, ஒவ்வொரு படியாக நிதானிக்கிற காலடி. நான் பேனாவை எடுக்கவில்லை. எடுக்க என் கை வரவில்லை. வீரம்மா தன் வலது கையைச் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள். முள் கிழித்த பழைய தழும்புகள் விரலிலிருந்து மணிக்கட்டு வரை வெளிறிய கோடுகளாக ஓடின. அதைத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு மேசைப் பக்கம் நீட்டினாள். செம்பருத்தியின் மஞ்சள் தூள் பேனா மேல் கொஞ்சம் சிந்தியிருந்தது. விரலால் அதைத் துடைத்தாள். துடைத்த விரலை மூக்கருகே கொண்டுபோய் ஒரு கணம் மோந்து பார்த்தாள்.

காலடி வாசலுக்கு வந்துவிட்டது. பேனா அவள் கையில் இருந்தது.